ஒரு கட்டைவிரலும் மூன்று விசைப்பலகைகளும்

கோலாலம்பூரில், கே.எல். சென்ட்ரலில் ஏறினால் கிளானா ஜெயா வரை எனக்குப் பெரும்பாலும் நின்றபடிதான் பயணம். ஒரு கை மேலே பிடியில், மறு கையில் கைப்பேசி. நான் தமிழில் எழுதுவதில் பாதி இந்த எல்ஆர்டி நகர ரயிலில்தான் நடக்கிறது. மேசையில் உட்கார்ந்து விசைப்பலகைச் செயலிகளைச் சோதிக்கிறவர்களின் தீர்ப்பு எனக்கு அவ்வளவாக ஒத்துவராததற்கு அதுவே காரணம்.

புதுக் கைப்பேசி வாங்கினால் எல்லாரும் கேமராவைப் பற்றிக் கேட்கிறார்கள். நான் முதலில் பார்ப்பது தமிழ் எழுத எது வசதி என்பதைத்தான். இந்தமுறை செல்லினம், கூகுளின் ஜிபோர்டு என்ற இரண்டு விசைப்பலகைச் செயலிகளை ஏற்றிக்கொண்டேன். செல்லினத்துக்குள்ளேயே தமிழ் எழுத்துகளையே தட்டும் தமிழ்99, ஆங்கில எழுத்தில் ஒலிப்படி தட்டும் அஞ்சல் என இரண்டு அமைப்பு; ஜிபோர்டில் ஆங்கில எழுத்தில் அடித்தால் தமிழாக மாற்றித் தரும் வசதி. ஆக மூன்று. எந்தச் செயலி என்பதைவிட, விரலை வைக்கும்போது மனதில் தமிழ் எழுத்து ஓடுகிறதா ஆங்கில எழுத்து ஓடுகிறதா என்பதில்தான் வித்தியாசம் கிடக்கிறது என்று இரண்டே நாளில் புரிந்துவிட்டது.

தமிழ்99 அமைப்பு 1999-இல் சென்னையில் நடந்த தமிழ் இணைய மாநாட்டை ஒட்டி வந்தது. உயிரெழுத்துகள் இடப்பக்கம், மெய்கள் பெரும்பாலும் வலப்பக்கம். ஒரே மெய்யை இருமுறை தட்டினால் முதலாவதற்குப் புள்ளியை அதுவே வைத்துவிடும். மெல்லினத்தை அடுத்து அதன் இன வல்லினம் வந்தாலும் அப்படியே. ‘தம்பி’ என்று எழுத த, ம, ப, இ என நான்கே தட்டல். ஆங்கில எழுத்தில் போனால் ஆறு. ‘பக்கத்தில்’ என்பதற்கு எட்டுத் தட்டல், அஞ்சலில் பதினொன்று. நீளமாக எழுதுகிறவனுக்கு இது சின்ன இலாபமில்லை. (‘மமதை’ போன்ற சொல் வந்தால் நடுவில் ஓர் அ தட்டிப் புள்ளியைத் தடுக்க வேண்டும். மமதையோடு எழுதுகிற நாள் அபூர்வம் என்பதால் பரவாயில்லை.)

ஆனால் இந்தக் கணக்கு கோலாலம்பூரில் கொஞ்சம் இடிக்கிறது. தமிழ்99-இல் ஜ, ஷ, ஸ, ஹ எல்லாம் ஷிஃப்டுக்கு மேலே உட்கார்ந்திருக்கின்றன. சென்னைக்காரருக்கு அது எப்போதாவது வரும் தொல்லை. நமக்கோ வீட்டு முகவரியே ஜாலானில் (மலாயில் சாலை) தொடங்குகிறது. மஸ்ஜித் ஜமேக், ஷா ஆலாம், அப்துல்லா ஹுக்கும் என்று நண்பனுக்கு மூன்று இடத்தின் பெயரை அனுப்புவதற்குள் ஷிஃப்டைத் தேடித் தேடி விரல் அலுத்துவிடும். அஞ்சலில் ஜே தட்டினால் ஜ, எச் தட்டினால் ஹ. அவ்வளவுதான்.

இன்னொன்று. உயிர் இடப்பக்கம், மெய் வலப்பக்கம் என்று பிரித்த அழகு இரண்டு கைகளுக்கானது. ஒற்றைக் கட்டைவிரலுக்கு அது திரையின் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் ஓட்டம். பங்சாரில் தொடங்கிய வாக்கியம் யூனிவர்சிட்டி நிலையத்தில்தான் முடிகிறது.

அஞ்சல் முறை நம் மண்ணில் பிறந்தது. மலேசியரான முத்து நெடுமாறன் 1985-இல் உருவாக்கிய முரசு அஞ்சல் மென்பொருளின் வழி வந்தது. செல்லினமும் அவருடையதுதான், 2005 பொங்கலின்போது சிங்கப்பூரில் வெளியானது. ஒலியை வைத்து எழுதும் முறை இது. ஆனால் ஊகம் குறைவு: ண, ள, ற வேண்டுமென்றால் ஆங்கிலப் பெரிய எழுத்து, ழ வேண்டுமென்றால் இசட். நீங்கள் ‘பள்ளம்’ என்று நினைத்து அடித்தால் பள்ளம்தான் வரும். அந்த உறுதி எனக்குப் பிடிக்கும்.

ஜிபோர்டு முறை வேறு மாதிரி. பி, ஏ, எல், ஏ, எம் என்று அடித்தால் பலமா, பழமா, பாலமா என்று கேட்டு வரிசை காட்டும். தேர்ந்தெடுக்கும் வேலை நம் கண்ணுக்கு. வேகத்தில் இதை அடிக்க ஆளில்லை. புலனத்தில் (வாட்ஸ்அப்பில்) ‘வந்துட்டேன், மாமாக் கடையில உட்காரு’ என்று அனுப்ப இதைவிட எளிது வேறில்லை. ஆங்கிலம், மலாய், தமிழ் என்று ஒரே உரையாடலில் தாவுகிற நமக்கு மொழி மாற்றுவதும் சுலபம். என் குறை இந்த வழிமுறையின் மீதுதான்: தேர்வை வரிசையிடம் விட்டுவிட்டால் ல, ள, ழ வேறுபாடு மெல்ல மெல்லக் கையைவிட்டுப் போகிறது. ஆறு மாதம் இப்படி எழுதிய பிறகு காகிதத்தில் ‘மழை’ எழுதும்போது ஒரு நொடி தயங்கினேன். வெட்கமாக இருந்தது.

ஐபோன்காரர்களுக்குத் தனியாக எதுவும் ஏற்ற வேண்டியதில்லை. தமிழ்99, அஞ்சல் இரண்டும் உள்ளேயே உண்டு, ஐஓஎஸ் 18-இல் அகரவரிசை அமைப்பும் வந்தது. வெளிப் பலகை ஏற்றியிருந்தாலும், கடவுச்சொல் இடம் வந்தால் ஐபோன் தன் சொந்தப் பலகைக்கே மாறிக்கொள்ளும். ஆண்ட்ராய்டில் வெளிப் பலகை எதை ஏற்றினாலும், நீங்கள் அடிப்பதையெல்லாம் அது சேகரிக்கக்கூடும் என்று ஓர் எச்சரிக்கை எழும். படிக்காமல் தட்டிவிட வேண்டாம்; பெயர் தெரியாத இலவசப் பலகைகளை நான் தொடுவதே இல்லை.

செந்தூலில் இருக்கும் அம்மாவுக்கு இந்த மூன்றுமே வேண்டாம், பேசினால் எழுத வேண்டும். முன்பு வேறொரு செயலியில் அவர் நெத்திலிக்கு மலாய்ப் பெயரைச் சொல்லி ‘ஈக்கான் பிலிஸ் வாங்கிட்டு வா’ என்று சொல்ல, ‘போலீஸ் வாங்கிட்டு வா’ என்று எனக்கு வந்தது. “நான் சொன்னது ஒண்ணு, அது எழுதுனது ஒண்ணுப்பா” என்று அன்றிலிருந்து குரல் பதிவுதான் அனுப்புகிறார்.

இப்போது என் கைப்பேசியில் அவசரத்துக்கு ஜிபோர்டு, ரயிலில் அஞ்சல், வீட்டில் புளூடூத் விசைப்பலகையை இணைத்து உட்கார்ந்தால் தமிழ்99. ஒன்றைத்தான் வைத்துக்கொள்ளலாம் என்றால் அஞ்சலை வைத்துக்கொள்வேன். ஆனால் தமிழ்ப்பள்ளியில் மூன்றாம் ஆண்டு படிக்கும் அக்கா மகளிடம் அஞ்சலைக் காட்டியபோது, “இங்கிலீஷ் எதுக்கு மாமா?” என்றாள். தமிழ்99-க்கு மாற்றிக் கொடுத்தேன். க தட்டி இ தட்டினாள், கி வந்தது. “டீச்சர் சொல்லிக் கொடுத்த மாதிரியே இருக்கு” என்று கைப்பேசியைத் திருப்பித் தரவே இல்லை.