வெள்ளை ஜேடா, பச்சை ஜேடா? சீனப் பதக்கம் வாங்கப் போகிறவர்களுக்கு

சிங்கப்பூரிலோ பினாங்கிலோ சீன நகைக்கடை வாசலில் கொஞ்சநேரம் நின்றவர்களுக்கு இந்தக் குழப்பம் தெரிந்திருக்கும். சிவப்புக் கயிற்றில் கோத்த பதக்கங்கள், நம்மூர்ப் பேச்சில் டாலர்கள், வரிசையாகத் தொங்கும். ஒன்று கெட்டித் தயிர் மாதிரி வெள்ளை. வெளிச்சம் பட்டால் மின்னாது, உள்ளே வாங்கிக்கொண்டு மெல்லக் கசியவிடும். பக்கத்திலேயே இன்னொன்று வாழைக்குருத்துப் பச்சையில், கண்ணாடிப் பளபளப்போடு இருக்கும். இரண்டையும் ஜேட் என்றுதான் சொல்வார்கள். விலையைக் கேட்டால் ஒன்றுக்கும் மற்றதற்கும் சம்பந்தமே இருக்காது.

ஜேட் என்றதும் நம்மில் பலருக்கு மரகதம்தான் நினைவுக்கு வரும். மரகதம் வேறு, அது பெரில் வகைப் படிகம். ஜேட், கண்ணுக்குத் தெரியாத நுண்படிகங்கள் பின்னிப் பிணைந்த ஒரு பாறை. அதிலும் இரண்டு சாதி உண்டு. அந்த வெள்ளை, நெஃப்ரைட். கால்சியமும் மக்னீசியமும் சேர்ந்த சிலிக்கேட். அந்தப் பச்சை, ஜேடைட். சோடியமும் அலுமினியமும் சேர்ந்த சிலிக்கேட். (நிறத்தை மட்டும் வைத்து முடிவுகட்ட முடியாது. பச்சை நெஃப்ரைட்டும் உண்டு, வெள்ளை ஜேடைட்டும் உண்டு.) இரண்டும் வேறு வேறு கனிமம் என்று ஆய்ந்து காட்டி 1863இல் ஜேடைட் என்று பெயர் வைத்தவர் அலெக்சி தாமூர் என்ற பிரெஞ்சு அறிஞர். சீன வியாபாரிகள் அவருக்காகக் காத்திருக்கவில்லை. பச்சைக் கல்லை அவர்கள் முன்பிருந்தே 'ஃபெய்ட்சுய்' என்று தனியாகத்தான் அழைத்தார்கள். மீன்கொத்திப் பறவையின் பெயர் அது.

வயதில் இரண்டுக்கும் போட்டியே கிடையாது. ஏறத்தாழ 8,000 ஆண்டுகளுக்கு முன்பே வடகிழக்குச் சீனாவின் ஷிங்லோங்வா மக்கள் நெஃப்ரைட்டில் வளையம் செய்து காதில் போட்டிருக்கிறார்கள். அதே பகுதியில் பிறகு வந்த ஹோங்ஷான் மக்கள், சுருண்டு படுத்த பன்றிக்குட்டி மாதிரி ஓர் உருவத்தை இழைத்து முதுகில் துளை போட்டார்கள். 'பன்றி டிராகன்' என்று அதைச் சொல்கிறார்கள். கயிற்றில் கோத்துத் தொங்கவிட்ட பதக்கம் என்றுதான் தோன்றுகிறது. தெற்கே லியாங்ஜு பண்பாட்டில், கி.மு. 3300 முதல் 2300 வரை, நடுவில் துளையிட்ட வட்டத் தகடுகள் வந்தன. 'பி' என்பது அதன் பெயர். 1976இல் அன்யாங்கில் ஷாங் அரசி ஃபூ ஹாவின் கல்லறையைத் தோண்டியபோது 755 ஜேட் பொருள்கள் கிடைத்தன.

ஷாங் காலத்துக்கு முன், உலோகக் கருவியே இல்லாதபோது இதைச் செய்தது எப்படி? ஜேட்டைச் செதுக்க முடியாது. எஃகுக் கத்தி கூட அதில் கோடு போடாது. கடினமான மணலை ஈரத்தோடு வைத்து, கயிறாலும் மூங்கிலாலும் தேய்த்துத் தேய்த்து எடுக்க வேண்டும். ஒரு துளைக்கே நாள்கணக்கில் உட்கார்ந்திருப்பார்கள்.

ஜேடைட்டின் சீன வாழ்க்கைக்கு வயது சுமார் 300 ஆண்டுதான். பர்மாவின் கச்சின் மலைகளிலிருந்து யுன்னான் வழியாக அது பெருமளவில் வரத் தொடங்கியது 18ஆம் நூற்றாண்டில். 1724இல் பிறந்த ஜி யுன் என்ற அறிஞர், தம் சிறுவயதில் இந்த யுன்னான் கல்லை யாரும் ஜேட்டாகவே மதிக்கவில்லை என்றும், இப்போது உண்மையான ஜேட்டைவிட விலை எங்கோ போய்விட்டது என்றும் எழுதி வைத்திருக்கிறார். ஒரே ஆயுளுக்குள் நடந்த மாற்றம்! வாங்கப் போகிறவர்களுக்கு இதில் ஒரு பாடமும் உண்டு. பளிச்சென்ற பச்சை ஜேடைட் பதக்கத்தைக் காட்டி ஹான் வம்சத்துப் பழசு, 2,000 வருடம் ஆனது என்று யாராவது சொன்னால், சரி என்று சிரித்துவிட்டு அடுத்த கடைக்கு நடையைக் கட்டலாம்.

ஆகவே ஜேட்டுக்கு அர்த்தம் என்று பழைய சீன நூல்கள் சொல்வதெல்லாம் நெஃப்ரைட்டைப் பற்றித்தான். கன்பூசியஸ் மரபின் 'சடங்கு நூல்', சான்றோன் தன் குணத்தை ஜேட்டோடு ஒப்பிட்டுப் பார்க்கிறான் என்கிறது. தக்க காரணமின்றி அவன் உடம்பைவிட்டு ஜேட் நீங்காது என்றும் சொல்கிறது. கி.பி. 100 வாக்கில் முதல் பெரிய சீன அகராதியைத் தொகுத்த ஷூ ஷென், ஜேட் என்றால் அழகான கல், அதற்கு ஐந்து நற்குணங்கள் என்று விளக்கம் எழுதினார். அதன் இதமான மினுக்கம் கருணை. வெளியே பார்த்தாலே உள்ளே இருப்பது தெரிவது நேர்மை. தட்டினால் தூரம்வரை கேட்கும் ஒலி அறிவு. உடைந்தாலும் வளையாதது வீரம். கூர்முனை இருந்தும் யாரையும் வெட்டாதது தூய்மை.

இதில் எனக்குப் பிடித்தது ஒலி. ஹானுக்கு முந்திய சோவ் வம்சக் காலத்துப் பெரியவர்கள் கழுத்தில் ஒற்றைப் பதக்கம் போடவில்லை. வளைவுத் துண்டுகள், வளையங்கள், மணிகள் என்று கோத்த நீண்ட சரங்கள் உடம்பில் தொங்கின. நடந்தால் கல்லோடு கல் மோதி மெல்ல ஒலிக்கும். வலப்பக்கத்து ஜேட் எந்தச் சுரம் எழுப்ப வேண்டும், இடப்பக்கம் எந்தச் சுரம் என்றுகூடச் சடங்கு நூல் வகுத்திருக்கிறது. அந்த ஒலி காதில் விழுந்துகொண்டிருந்தால் கெட்ட எண்ணம் உள்ளே நுழையாதாம். அவசரமாக ஓடினால் ஒலி தாறுமாறாகிவிடும். நிதானமாக நடக்கத்தான் வேண்டும். நகையாகவும் இருந்தது, நடைக்குக் கடிவாளமாகவும் இருந்தது.

வடிவங்களிலும் அப்போதே எதிரெதிர்ப் பொருள் உண்டு. முழு வளையத்தின் பெயர் 'ஹுவான்', திரும்பி வா என்ற சொல்லின் ஒலி. ஒருபக்கம் வெட்டு விழுந்த வளையம் 'ஜுவே', அறுத்துவிடு, முடிவெடு என்ற பொருளைத் தரும் ஒலி. உறவை முறிக்க ஜுவே அனுப்புவார்கள், மறுபடி சேர்த்துக்கொள்ள ஹுவான் அனுப்புவார்கள் என்று ஷுன்சி என்ற அறிஞர் எழுதியிருக்கிறார். கி.மு. 206இல் ஹோங்மன் என்ற இடத்தில் நடந்த விருந்தில் இது அரசியலாகவே ஆனது. படைத்தலைவன் ஷியாங் யூ அழைத்திருந்த விருந்தாளி, அவனுடைய எதிரி லியூ பாங். லியூ பாங்கை அங்கேயே தீர்த்துவிட வேண்டும் என்பது ஷியாங் யூவின் ஆலோசகர் ஃபான் ஸெங்கின் திட்டம். சபையில் வாய்திறந்து சொல்ல முடியுமா? இடுப்பில் தொங்கிய ஜுவேயை மூன்று முறை தூக்கிக் காட்டினார்: முடிவெடு, முடிவெடு, முடிவெடு. ஷியாங் யூ பேசாமல் உட்கார்ந்திருந்தான். லியூ பாங் தப்பித்துப் போய் நான்கே ஆண்டில் ஹான் வம்சத்தின் முதல் பேரரசன் ஆனான்.

இந்தக் கனமெல்லாம் பச்சைக் கல்லுக்கு இல்லை. அது வந்தபோது பதக்கம் நல்லொழுக்கத்தைவிட்டு நல்லதிர்ஷ்டத்துக்கு நகர்ந்துவிட்டது. மிங், சிங் வம்சக் காலங்களில் பதக்கத்தின் மொழி முழுக்கச் சிலேடை. வௌவாலின் பெயர் 'ஃபூ', பாக்கியமும் 'ஃபூ'. ஆகவே பார்க்கச் சகிக்காத வௌவால் பதக்கத்தில் ஏறியது. மீன் 'யூ', மிச்சமும் 'யூ'. ஆகவே மீன் போட்டால் கையில் காசு மிஞ்சும். குதிரை மேல் குரங்கு உட்கார்ந்திருந்தால் சீக்கிரமே பதவி கிடைக்கும் என்று பொருள். 'குதிரை மேல்' என்ற சொற்களே 'உடனே' என்றும் பொருள்படும், குரங்கும் பிரபுப் பட்டமும் ஒரே ஒலி. காளமேகப் புலவர் இருந்திருந்தால் ரசித்திருப்பார். இந்தச் சிலேடைகளை நெஃப்ரைட்டிலும் இழைத்தார்கள்தான். ஆனால் ஜேடைட்டுக்கு வேறு பேச்சு அதிகம் தெரியாது.

அதற்குத் தெரிந்தது நிறம், அதை மட்டும் குறைசொல்ல முடியாது. கொஞ்சம் குரோமியம் கலந்தால் வரும் அந்தப் பச்சைக்கு நிகரான பச்சை நெஃப்ரைட்டில் கிடையாது. இரும்பால் வரும் அதன் பச்சை, கீரைக் கடைசல் நிறம்தான். சிங் வம்சத்துப் பேரரசித் தாய் ஸீஷி ஜேடைட் மேல் உயிரையே வைத்திருந்தார். 2014இல் ஹாங்காங் ஏலத்தில் 27 ஜேடைட் மணிகள் கோத்த ஒரு மாலை 2 கோடியே 74 லட்சம் அமெரிக்க டாலருக்குப் போனது.

அந்த விலைதான் வினையும். ஜேடைட்டில் ஏ, பி, சி என்று தரம் பிரிப்பார்கள். அது பரீட்சை மதிப்பெண் மாதிரி அல்ல. ஏ என்றால் மெழுகு பூசி மெருகேற்றியதைத் தவிர வேறு எதுவும் செய்யாதது. பி, அமிலத்தில் ஊறவைத்து அழுக்கை நீக்கி, கரைந்துபோன இடுக்குகளில் பிளாஸ்டிக் பிசினை ஏற்றியது. சி, சாயம் போட்டது. இரண்டையும் சேர்த்துச் செய்வதும் உண்டு. பி வகை புதிதில் ஏ வகையைவிடத் தெளிவாகத் தெரியும், அங்கேதான் ஏமாறுவோம். வருடங்கள் போனால் பிசின் மங்கும். கண்ணால் பார்த்து உறுதியாகச் சொல்ல முடியாது, ஆய்வகத்தில் அகச்சிவப்புக் கதிர்ச் சோதனை வேண்டும். விலை கொஞ்சமாவது அதிகமென்றால், ஆய்வகச் சான்றிதழ் இல்லாத ஜேடைட்டைத் தொடவே வேண்டாம் என்பேன்.

வெள்ளைக் கல்லில் மோசடி இல்லையா? உண்டு, வேறு தினுசு. அதில் உச்சம் மேற்குச் சீனாவின் கோத்தான் நதிக் கூழாங்கல். 'ஆட்டுக்கொழுப்பு ஜேட்' என்று பெயர். பெயர் ஒரு மாதிரி இருந்தாலும் அந்த வழவழப்புக்கு வேறு உவமை கிடையாது. அங்கே ஓடும் இரண்டு ஆறுகளின் பெயரே வெள்ளை ஜேட் ஆறு, கறுப்பு ஜேட் ஆறு. 1759இல் சியன்லோங் பேரரசர் அந்தப் பகுதியைப் பிடித்த பிறகுதான் பெய்ஜிங்குக்குக் கல் தாராளமாக வந்தது. இன்றைக்கு 'கோத்தான் ஜேட்' என்று சீட்டில் எழுதியிருந்தால் அது கோத்தானில் எடுத்தது என்று நினைத்துவிடாதீர்கள். சீனத் தரநிர்ணயப்படி அது கல் வகையின் பெயர், ஊர்ப் பெயர் அல்ல. ரஷ்யாவிலோ சிங்ஹாய் மாநிலத்திலோ எடுத்த நெஃப்ரைட்டுக்கும் அதே பெயர்தான். 2008 பெய்ஜிங் ஒலிம்பிக் பதக்கங்களின் பின்புறம் வளையமாகப் பதித்திருந்தது சிங்ஹாய்க் கல்லே. அதன் வடிவமும் பழைய 'பி' தகடு. 'ஆப்கன் ஜேட்' என்று வெள்ளையாக விற்பது சலவைக்கல் வகை, கத்தி பட்டால் கோடு விழும். நம் பெயரைச் சொல்லி விற்கும் 'இந்திய ஜேட்' என்பதும் ஜேட் அல்ல, பச்சை அவென்சுரின் என்ற குவார்ட்ஸ் வகை.

கடினத்தில் ஜேடைட் ஒரு படி மேல்: மோஸ் அளவில் 6.5 முதல் 7 வரை. நெஃப்ரைட் 6 முதல் 6.5 வரை. ஆனால் கடினம் வேறு, உறுதி வேறு. நெஃப்ரைட்டின் இழைகள் தேங்காய் நார் மாதிரி ஒன்றுக்குள் ஒன்று சிக்கிக் கிடப்பதால் அடி தாங்குவதில் அதை மிஞ்சும் கல் அரிது. கையில் தூக்கினாலும் வித்தியாசம் தெரியும். ஒரே அளவில் இரண்டை வைத்தால் ஜேடைட் கொஞ்சம் கனக்கும்.

இன்னொன்றையும் தராசில் வைக்க வேண்டும். நல்ல ஜேடைட்டில் பெரும்பகுதி வருவது கச்சின் மாநிலத்தின் பாகாந்த் சுரங்கங்களிலிருந்து. 2020 ஜூலையில் அங்கே மண்குவியல் சரிந்து, மிச்சக் கல்லைப் பொறுக்கிக்கொண்டிருந்த 170க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். கடை விளக்கின் கீழே அந்தப் பச்சையைப் பார்க்கும்போது எனக்கு இது நினைவுக்கு வராமல் இருப்பதில்லை.

அப்புறம் உருவம். ஆண்கள் கருணைத் தெய்வமான குவான்யினை அணிய வேண்டும், பெண்கள் புத்தரை அணிய வேண்டும் என்று கடைக்காரர் அடித்துச் சொல்வார். இதற்கும் சிலேடைதான் வேர் என்பார்கள்: குவான்யின் என்பது 'அதிகார முத்திரை' என்பதுபோல் ஒலிக்கும், அது அந்தக் காலத்து ஆண்களின் கனவு. புத்தர் 'ஃபோ', பாக்கியத்தின் 'ஃபூ'வுக்குப் பக்கத்து ஒலி. அந்தத் தொப்பைச் சிரிப்புப் புத்தரும் கௌதமர் அல்ல, எதிர்காலப் புத்தரான மைத்ரேயரின் அவதாரம் என்று சீனர்கள் நம்பும் பூதாய் துறவி. குவான்யின் நமக்கு அந்நியமும் இல்லை. போதிசத்துவரான அவலோகிதர்தான் சீனாவுக்குப் போய்க் குவான்யின் ஆனார். அகத்தியர் தமிழ் கேட்டது அந்த அவலோகிதரிடம்தான் என்கிறது 11ஆம் நூற்றாண்டின் வீரசோழியம். எனவே தமிழர் ஒருவர், ஆணோ பெண்ணோ, குவான்யின் பதக்கம் போட்டுக்கொள்ளக் கடைக்காரரின் விதி தடையாக இருக்க வேண்டியதில்லை.

உருவமே வேண்டாம் என்பவர்களுக்கு இரண்டு உண்டு. ஒன்று 'பிங்ஆன் கோவ்', பழைய பி தகட்டின் குட்டி வாரிசு, குழந்தைகளுக்கும் போடுவார்கள். இன்னொன்று 'வூஷிபாய்', எதுவுமே இழைக்காத வெறும் செவ்வகத் தகடு. அலங்காரம் இல்லை என்பதும் அசம்பாவிதம் இல்லை என்பதும் சீனத்தில் ஒரே ஒலி. வெறும் தகடாயிற்றே, மலிவாக இருக்கும் என்று நினைக்காதீர்கள். விரிசலோ கறையோ இருக்கும் கல்லில்தான் வேலைப்பாட்டைப் போட்டு மறைப்பார்கள். வெறுமையாக விட வேண்டுமானால் கல் சுத்தமாக இருந்தாக வேண்டும். நல்ல கல் கிடைத்தால் அதைத் தொடாதே என்று அங்கே தொழிலில் இருப்பவர்களே சொல்வார்கள்.

என் காசு என்றால் சிங்ஹாயோ ரஷ்யாவோ, சான்றிதழோடு ஒரு சின்ன வெள்ளை நெஃப்ரைட் வூஷிபாய். கல்யாணத்துக்குப் போட்டுப் போக, நாலு பேர் கண்ணில் பட வேண்டும் என்றால் ஏ வகை ஜேடைட், அதுவும் கரும்பச்சைக்கு ஆசைப்படாமல் வெளிர் நிறத்தில். இரண்டுக்கும் கயிறு பருத்தியோ பட்டோ எதுவானாலும், வருடத்துக்கு ஒருமுறை துளையருகே நைந்திருக்கிறதா என்று பார்த்து மாற்றிவிடுங்கள். சீனக் கடைகளில் முடிச்சுப் போட்டுத் தருவார்கள், பத்து நிமிட வேலை.