பிரிண்ட் சர்வரோடு மூன்று ஆண்டுகள்

வீட்டில் நாலு பேர், ஒரே ஒரு லேசர் பிரிண்டர். அதிலும் யூ.எஸ்.பி. மட்டும்தான், வைஃபை கிடையாது. யாருக்கு என்ன அச்செடுக்க வேண்டுமானாலும் என் கணினிக்கு மெயில் வரும். அந்தக் கூத்து அலுத்துப்போய், சும்மா கிடந்த ராஸ்ப்பெரி பை என்ற கையடக்கக் கணினி ஒன்றில் (இனி 'பை') கப்ஸ் என்ற அச்சு மென்பொருளை நிறுவிப் பிரிண்டரை அதில் மாட்டினேன். வீட்டில் எல்லோரும் நெட்வொர்க் வழியாக அதற்கே அச்சுக்கு அனுப்பலாம்; இதுதான் பிரிண்ட் சர்வர். மூன்று ஆண்டுகளாக ஓடுகிறது.

முதல் அடி டிரைவரில், அதாவது கணினியையும் பிரிண்டரையும் பேசவைக்கும் மென்பொருளில், விழுந்தது. பையில் ஓடும் லினக்ஸுக்கு டிரைவர் உண்டு என்று பார்த்துத்தான் இறங்கினேன். இறக்கிய பிறகுதான் தெரிந்தது, அது இன்டெல் வகைச் செயலிக்கு மட்டும். பையில் இருப்பதோ ஏ.ஆர்.எம். என்ற வேறு வகைச் செயலி. திறமூல டிரைவர் ஒன்று கைகொடுத்ததால் தப்பித்தேன். போஸ்ட்ஸ்கிரிப்ட் அல்லது பி.சி.எல். என்ற பொது அச்சு மொழிகளைப் புரிந்துகொள்ளும் பிரிண்டராக இருந்தால் இந்தப் பாடே இல்லை.

மற்றபடி நிறுவுவது அரை மணி நேர வேலை. பிரௌசரில் 631 என்ற போர்ட் எண்ணில் கப்ஸின் அமைப்புப் பக்கம் திறக்கும். அங்கேயே பிரிண்டரைச் சேர்த்துப் பகிரலாம். ரவுட்டரில் பைக்கு ஒரு நிலையான ஐ.பி. முகவரியை ஒதுக்கிவிடுங்கள். நான் அதைச் செய்யாமல் விட்டு, ரவுட்டர் ஒருமுறை அணைந்து எழுந்ததும் பையின் முகவரி மாறி, எல்லா லேப்டாப்பிலும் பிரிண்டர் 'ஆஃப்லைன்' ஆனது.

என்னை அதிகம் படுத்தியது வேறு. வாரம் ஒருமுறையாவது "பிரிண்ட் வரவில்லை" என்று குரல் வரும். போய்ப் பார்த்தால் பிரிண்டர் நன்றாகத்தான் இருக்கும், ஆனால் வரிசையில் ஏழெட்டு வேலைகள் அப்படியே நிற்கும். பையை அணைத்துப் போட்டாலும் அசையாது. கேபிளை மாற்றினேன், பவர் அடாப்டரையும் மாற்றினேன். கடைசியில் கப்ஸின் பதிவுக் கோப்பைப் படித்தபோதுதான் பிடிபட்டது. பிரிண்டரை யாரோ அணைத்து வைத்திருக்கும்போது ஒரு வேலை போனால் அது தோற்கும்; தோற்றதும் கப்ஸ் அந்த வரிசையையே நிறுத்திவிடும். பிறகு பிரிண்டரைப் போட்டாலும் நிறுத்தம் நிறுத்தம்தான், நாமே போய் 'ரெஸ்யூம்' அழுத்த வேண்டும். என் நிறுவலில் பிழைக்கொள்கை (வேலை தோற்றால் என்ன செய்வது என்ற அமைப்பு) 'ஸ்டாப்-பிரிண்டர்' என்றிருந்தது. 'ரீட்ரை-ஜாப்', அதாவது மீண்டும் முயல்வது, என்று மாற்றினேன். அவ்வளவுதான், குரல் நின்றது. இதற்கா புதுக் கேபிள் வாங்கினேன்!

அதன்பின் வந்த ஒரே புதிர், ஆரஞ்சு விளக்கு மினுக்கிக்கொண்டே காகிதம் இழுக்காமல் நின்றது. கணினியில் எந்தப் பிழைச் செய்தியும் இல்லை. தட்டில் இருந்தது ஏ4. ஆவணமோ அமெரிக்காவில் புழங்கும் 'லெட்டர்' தாள் அளவைக் கேட்டிருக்கிறது. பிரிண்டர் லெட்டர் தாளுக்காகப் பொறுமையாகக் காத்துக்கொண்டிருந்தது. சர்வரிலும் லேப்டாப்புகளிலும் இயல்பு அளவை ஏ4 ஆக்கியதும் சரியானது.

போன்களுக்கு, பிரிண்டரை நெட்வொர்க்கில் அறிவிக்கும் அவாஹி என்ற சேவை பையில் ஓடினால் போதும், பிரிண்டர் தானே தெரியும். விருந்தினர் வைஃபையில் இருப்பவர்களுக்கு மட்டும் தெரியாது. அது கோளாறு அல்ல, அந்த வைஃபை தனியாகப் பிரிந்திருப்பதே அதற்குத்தான். 2024 செப்டம்பரில் கப்ஸ்-பிரௌஸ்டு என்ற துணைச் சேவையில் பாதுகாப்பு ஓட்டை வெளிவந்ததும் அதை நிறுத்திவிட்டேன். மற்ற சர்வர்களின் பிரிண்டர்களைத் தேடுவதுதான் அதன் வேலை, நம் பிரிண்டரைப் பகிர அது தேவையில்லை.

இன்றும் தீராத ஒரு குறை உண்டு. படங்கள் நிறைந்த பி.டி.எஃப். அனுப்பினால், பை அதை அரைத்து முடிக்கும்வரை முதல் பக்கம் வராது. அந்த இடைவெளியில் யாராவது இன்னொரு முறை 'பிரிண்ட்' அழுத்திவிடுவார்கள். இரண்டு பிரதிகள் வரும்.