ஐடி எடுத்துத் தருகிறேன் என்பவரிடம் வெற்றுப் படிவத்தில் சைன் வைத்துக் கொடுக்காதீர்கள்

கொழும்பில் வாடகைக்கு இருந்துகொண்டு அடையாள அட்டைக்கு அலைகிறவர்கள், முக்கியமாக ஊர் ஒரு பக்கம் வேலை ஒரு பக்கம் என்று இருக்கிற மலையகப் பிள்ளைகள், இதை ஒருதரம் வாசியுங்கள். எனக்கு 8,500 ரூபா போனது. அது போகட்டும், பெரிய தொல்லை அதற்குப் பிறகுதான் வந்தது.

போன வருடம் 101 பஸ்ஸில் வெள்ளவத்தைக்குப் போகும்போது என் பேர்ஸைத் தூக்கிவிட்டார்கள். காசு கொஞ்சம்தான் இருந்தது. ஆனால் ஐடியும் அதோடு போய்விட்டது. அன்றைக்கே பொலிஸில் என்ட்ரி போட்டு முறைப்பாட்டுப் பிரதியை வாங்கிக்கொண்டேன். இந்தக் கதையில் நான் ஒழுங்காகச் செய்த வேலை அது ஒன்றுதான்.

அம்மா சண்டைக் காலத்தில் கொழும்பில் வீட்டு வேலை செய்தவர். செக்பொயின்ட்டில் ஐடி இல்லாமல் நின்ற பிள்ளைகளுக்கு என்ன நடந்தது என்று கண்ணால் பார்த்தவர். போனில் தினமும் ஒரே பாட்டு: "கார்ட் கைக்கு வாற வரைக்கும் வாசல தாண்டாத." காலம் மாறிவிட்டது என்று அவருக்குச் சொன்னேன். ஆனால் அந்தப் பயம் எனக்குள்ளும் இருந்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் இவ்வளவு அவசரப்பட்டிருக்க மாட்டேன்.

முதலில் எங்கள் பகுதி ஜிஎஸ்ஸிடம், அதாவது கிராம சேவகரிடம் போனேன். இந்த விலாசத்தில் வாக்காளர் இடாப்பில் உங்கள் பெயர் இல்லையே, வீட்டுக்காரரிடம் ஒரு கடிதமாவது கொண்டுவாருங்கள் என்றார். அவர் கேட்டது நியாயம். வீட்டுக்கார ஆன்ட்டிதான் மசியவில்லை. "லெட்டர் எல்லாம் தர ஏலாது மகள். பிறகு நீங்க வீட்ட விட்டு எழும்ப மாட்டீங்க." ஆறு வருடமாக ஒரு மாதம்கூடத் தவறாமல் வாடகை கட்டியவளுக்கு இதுதான் பதில். கொட்டாஞ்சேனையில் என்னைப் போல எத்தனை பேர் இப்படி இரண்டு ஊருக்கும் இல்லாமல் தொங்குகிறார்கள்! தரகர்களுக்குச் சோறு போடுவதே இந்த இடைவெளிதான்.

மார்க்கெட் பக்கம் ஒரு கொமியூனிகேஷன் கடை. ஐடி, பாஸ்போர்ட், பிறப்புச் சான்றிதழ் எல்லாம் செய்து தரப்படும் என்று போர்ட் போட்டிருந்தார்கள். மூலையில் ஒரு மேசை போட்டு ஒருவர் இருந்தார். "ஜிஎஸ்ஸ நான் பாத்துக்கொள்றன் தங்கச்சி. நீங்க ஒண்ணும் யோசிக்க வேணாம், இந்த இடத்துல ஒரு சைன் மட்டும் வைங்க. ஒன் டேயில எடுத்துத் தாறன்." படிவத்தில் ஓர் எழுத்துக்கூட நிரப்பவில்லை. சைன் வைத்தேன். அட்வான்ஸ் 5,000, பிறப்புச் சான்றிதழ், பொலிஸ் பிரதி எல்லாம் கொடுத்தேன். பழைய ஐடியின் இரண்டு பக்கமும் என் போனில் இருந்தது, அதையும் வட்ஸ்அப்பில் அனுப்பினேன். போட்டோவைத் தன் போனிலேயே, கடைச் சுவரில் என்னைச் சாத்தி வைத்து எடுத்தார்.

அந்த இடத்தில் நான் விழித்திருக்க வேண்டும். என் முதல் ஐடி பள்ளிக்கூடத்தில் அதிபர் கையெழுத்தோடு எடுத்தது. அப்போது சாதாரண போட்டோவை ஒட்டிக் கொடுத்தோம். இப்போது அப்படி இல்லை. ஐடி கொடுக்கிற ஆட்பதிவுத் திணைக்களத்தில் பதிந்த ஸ்டூடியோவில்தான் எடுக்க வேண்டும். அவர்கள் படத்தை நேரே திணைக்களத்துக்கு அனுப்பிவிட்டு நம் கையில் ஒரு ரசீது தருவார்கள், அந்த ரசீதைத்தான் படிவத்தோடு சேர்ப்பது. போனில் எடுத்த படம் ஒன்றுக்கும் உதவாது.

பிறகு தெரிந்த கதைதான். சிஸ்டம் டவுன், போயா லீவு, இன்னும் 3,500 போட்டால் நாளைக்கே கிடைக்கும். அதையும் போட்டேன். அதோடு அவர் போன் ஓஃப்.

மூன்று கிழமை கழித்துத் திம்பிரிகஸ்யாயப் பிரதேச செயலகத்திலிருந்து எனக்கு ஒரு கோல் வந்தது, நேரில் வரச் சொல்லி. கொழும்பு நகரத்துக்குள்ளேயே இரண்டு பிரதேச செயலகங்கள் இருக்கின்றன. கொட்டாஞ்சேனை கொழும்புப் பிரிவு, வெள்ளவத்தை திம்பிரிகஸ்யாயப் பிரிவு. (மாநகர சபைக்கும் ஐடிக்கும் சம்பந்தமே இல்லை. டவுன் ஹோலில் போய் விசாரித்து வந்த ஆட்களும் எனக்குத் தெரியும்.) என் படிவத்தில் நான் ஒரு நாளும் குடியிருக்காத வெள்ளவத்தை விலாசம் ஒன்று இருந்தது. ஜிஎஸ் முத்திரை கள்ளம். கீழே இருந்த கையெழுத்து மட்டும் அசல், என்னுடையது.

"இது உங்கட சைனா?" என்று செயலகத்தில் இருந்த மிஸ் கேட்டார். ஓம் என்றேன். சத்தம் போடவில்லை, கதிரை காட்டி இருக்கச் சொன்னார். ஆனால் பொய் விவரம் கொடுத்த ஆள் என்று கடதாசியில் நிற்பது நான்தானே? நடந்ததை எல்லாம் எழுதிக் கொடுத்தேன். அந்த ஆளைப் பற்றிப் பொலிஸிலும் முறைப்பாடு போட்டேன். கடை முதலாளியோ, "அவர் மேசைக்கு வாடகை தந்து இருந்தவர், எங்களுக்கு ஒண்ணும் தெரியாது" என்று கையை விரித்துவிட்டார்.

கடைசியில் ஊருக்குத்தான் போனேன். தோட்டத்து லயத்து விலாசத்தில் என் பெயர் இன்னும் வாக்காளர் இடாப்பில் இருந்தது. ஜிஎஸ் உறுதிப்படுத்தினார், பிரதேச செயலகத்தில் மேலொப்பம் ஆனது. அந்தக் கடதாசிகளோடு நேரம் பதிந்துகொண்டு, ஆட்பதிவுத் திணைக்களம் இருக்கிற பத்தரமுல்ல சுஹுருபாயவுக்கு நானே போனேன். கட்டணத்தைக் கவுன்டரில் கட்டி ரசீது வாங்கினேன். என்ன கொண்டுபோக வேண்டும் என்பதை அரசாங்கத் தகவல் நிலையத்தின் 1919க்கு எடுத்துத் தமிழிலேயே கேட்டுக்கொள்ளலாம். "ஜிஎஸ்ஸுக்கும் கொடுக்க வேணும்" என்று அந்தத் தரகர் என்னிடம் சொன்னது வெறும் பொய். உண்மையிலேயே ஓர் உத்தியோகத்தர் காசு கேட்டால் இலஞ்ச ஆணைக்குழுவின் இலக்கம் 1954.

அட்டை வந்துவிட்டது. பழைய ஐடியின் படம் இன்னும் அந்தத் தரகரின் போனில் இருக்கிறது. ஐடி இலக்கத்திலேயே பிறந்த வருடமும், அந்த வருடத்தின் எத்தனையாவது நாளில் பிறந்தோம் என்பதும் இருக்கின்றன. பெண் என்றால் அந்த நாள் எண்ணோடு 500 கூட்டியிருப்பார்கள், அதனால் ஆணா பெண்ணா என்பதும் தெரிந்துவிடும். மனம் கேட்காமல் போன் கம்பனிகளுக்குப் போய், என் ஐடியில் என்னென்ன சிம் பதிந்திருக்கிறது என்று பார்க்கச் சொன்னேன். ஒன்று நான் எடுக்காத நம்பர். வெட்டச் சொல்லி எழுதிக் கொடுத்துவிட்டு வந்தேன்.