படகுக்கு ஒன்லைனில் லித்தியம் பற்றரி வாங்குகிறவர்கள் கவனம் (370,000 ரூபா போச்சு)

370,000 ரூபா. இரண்டு பற்றரிக்குக் கட்டிய காசு. நேற்றிரவு ஒன்றின் கோதை வெட்டித் திறந்து பார்த்தோம். அந்த விசர் இன்னும் அடங்கவில்லை, அடங்குவதற்குள் எழுதிவிட வேணும் என்றுதான் இந்தப் பதிவு. படகில் பற்றரி எப்படித் தேர்வு செய்வது, எப்படிப் பூட்டுவது என்று முழுதாக எழுதுவதாகச் சில பேருக்கு முன்பே சொல்லியிருந்தோம். அதையும் இதிலேயே கடைசியில் சேர்க்கப் பார்க்கிறோம்.

திருகோணமலை உள்துறைமுகத்தில் நங்கூரம் போட்டு, 34 அடிப் பாய்ப்படகில் புருஷனும் பெண்சாதியுமாக இருக்கிற வாழ்க்கைக்குப் பற்றரிதான் அடுப்பு, கிணறு, விளக்கு எல்லாம். கரையில் கரண்ட் போனால் மெழுகுதிரி கொளுத்தலாம். இங்கே பற்றரி போனால் பிரிட்ஜ், தண்ணி பம்ப், நங்கூர விளக்கு, ரேடியோ, பில்ஜ் பம்ப் (படகின் அடியில் சேரும் நீரை இறைப்பது) எல்லாம் ஒரே நொடியில் போகும். எங்கள் ஒரு நாள் கணக்கு இது: 12 வோல்ட் பிரிட்ஜ் ஓடும்போது 4, 5 அம்பியர் இழுக்கும், இந்த வெக்கைக்கு நாளில் பாதி நேரம் ஓடும், ஆகவே 55 அம்பியர்-அவர் (இழுக்கிற அம்பியரை மணித்தியாலத்தால் பெருக்கிய கணக்கு, பற்றரியின் கொள்ளளவையும் இதில்தான் சொல்வார்கள்). இரண்டு மின்விசிறி 12. எல்ஈடி நங்கூர விளக்கு இரவு முழுக்க எரிந்தால் இரண்டரை. போன், லப்டொப், ரேடியோ எல்லாம் சேர்த்து 15. மொத்தம் 85. கடலில் ஓடும்போது ஓட்டோ பைலட் மட்டும் இன்னும் 60, 70 தின்னும். 400 வோட்ஸ் சோலர் வெயில் நாளில் 90 முதல் 100 வரை திருப்பித் தரும். வாடைக்காற்று தொடங்கி மழை இருட்டு மூடினால் 30 கிடைப்பதே பெரிய காரியம்.

மாலைதீவு வடக்குத் தீவுகளுக்கு இங்கிருந்து தெற்கே இறங்கி தேவேந்திரமுனையைச் சுற்றிப் போனால் 650 கடல்மைலுக்கு மேல். ஜனவரி, பெப்ரவரியில் வடகிழக்குக் காற்று முதுகில் இருக்க ஐந்தாறு நாள் ஓட்டம். அதற்காகத்தான் பழைய ஈயப் பற்றரிகளைக் கழற்றிவிட்டு லித்தியம் தேடினோம். லித்தியம் என்றால் இங்கே லித்தியம் இரும்பு பொஸ்பேற். போனில் இருக்கிற வகை இல்லை, இது இலகுவில் தீப்பிடிக்காது. 3.2 வோல்ட் செல் நாலு வரிசையாகச் சேர்ந்தால் 12.8. ஈயப் பற்றரியில் பாதிக்கு மேல் எடுத்தால் ஆயுள் குறையும், இதில் 80 வீதம் எடுத்தாலும் பயமில்லை. பொருள் நல்ல பொருள்தான், அதில் மறுபேச்சில்லை. விற்றவன்தான்.

வாங்கியது யார் வேணுமென்றாலும் விளம்பரம் போடக்கூடிய ஒன்லைன் சந்தை ஒன்றில். விற்றது கொழும்பில் சோலர் சாமான் விற்கிற கடை. பெயர் போடவில்லை, கேட்டு உள்பெட்டிக்கு வரவும் வேண்டாம். நாளைக்கு வேறு பெயரில் அதே சாமான் வரும், ஆகவே பெயரை விட வேலையைப் பாருங்கள்.

"12 வோல்ட் 200 அம்பியர்-அவர், ஏ கிரேட் செல், 5 வருட வாரண்டி", ஒன்று 185,000. சந்தை விலையை விடச் சற்றே குறைவு, சந்தேகம் வருகிற அளவுக்குக் குறைவில்லை. அதுதான் கெட்டித்தனம். வீடியோ கோலில் ஒரு பெடியன் வந்தான். "அண்ணை, திருகோணமலையோ? அம்மாட வீடு உவர்மலைதான் அண்ணை, கோணேசர் தேருக்கு ஒவ்வொரு வருசமும் வாறனான்." ஊர்ப் பெயரைச் சொன்னதும் எங்களுக்குப் பாதி மனம் இளகிவிட்டது. மற்றப் பாதியை மல்டிமீற்றர் கவிழ்த்தது. கமராவுக்கு முன்னால் இரண்டு முனையிலும் கம்பியை வைத்துக் காட்டினான், 13.3 வோல்ட். "பாருங்கோ அக்கா, புதுச் சாமான்."

இந்த இடத்தில்தான் ஏமாந்தோம், இந்த இடத்தில்தான் நீங்களும் ஏமாறுவீர்கள். ஈயப் பற்றரியில் வோல்ட்டைப் பார்த்து ஓரளவு கதை சொல்லலாம்: 12.7 என்றால் நிறைவு, 12.1 என்றால் பாதி. லித்தியத்தில் வோல்ட் கிட்டத்தட்டத் தட்டையாகவே போகும். நிறைந்த பற்றரிக்கும் பாதியான பற்றரிக்கும் மீற்றரில் பத்தில் ஒன்று, இரண்டு வோல்ட்தான் வித்தியாசம். அதைவிட முக்கியம், வோல்ட் என்பது கொள்ளளவைச் சொல்லவே சொல்லாது. டோர்ச்சுக்குப் போடுகிற அளவுச் சின்ன செல் நாலைக் கோர்த்தாலும் அதே 13.3 தான் வரும். பானையில் தண்ணி எந்த மட்டத்தில் நிற்கிறது என்பதைக் காட்டிவிட்டு, பானை எவ்வளவு பெரிசு என்பதை மறைக்கிற வித்தை.

பாதிக் காசு முற்பணம், மிச்சம் அனுப்ப முதல். கிரெடிட் காட்டில் கட்டினால் 3 வீதம் கூட என்றான், வங்கியில் நேரே போட்டோம். காட்டில் கட்டியிருந்தால் வங்கியில் முறைப்பாடு போட்டு மறித்திருக்கலாம். அந்த 3 வீதத்தை மிச்சம் பிடிக்கப் போய்த்தான் 370,000.

பார்சல் இரவு பஸ்ஸில் வந்தது. ஜெட்டியில் மீன் நிறுக்கிற தராசு இருந்தது, சும்மா தூக்கி வைத்துப் பார்த்தோம். 13 கிலோ 400. போன் எடுத்துக் கேட்டால், "லித்தியம் எண்டா பாரம் குறைவுதானே அண்ணை, அதுக்குத்தானே வாங்கினனீங்கள்?" நாங்களும் சிரித்துவிட்டு டிங்கியில் ஏற்றினோம். ஈயத்தோடு ஒப்பிட்டால் உண்மைதான். ஆனால் 200 அம்பியர்-அவர் லித்தியம் பற்றரி 20 முதல் 24 கிலோ இருக்க வேணும். 13 கிலோ என்பது 100 அம்பியர்-அவர் பற்றரியின் பாரம். இரண்டு பற்றரியின் ஸ்டிக்கரிலும் ஒரே சீரியல் இலக்கம் இருந்ததை அன்றைக்கு நாங்கள் கவனிக்கவும் இல்லை.

பூட்டிய பிறகு இரண்டு கிழமைக்கு மேல் ஒரு குறையும் தெரியவில்லை. தெரியாது. பகலில் வெயில் நிரப்பும், இரவில் 45, 50 அம்பியர்-அவர்தான் போகும், விடிந்தால் திரும்ப நிரம்பும். 140 உள்ள பற்றரியும் 400 உள்ள பற்றரியும் வெயில் நாளில் ஒரே மாதிரித்தான் நடக்கும். இவர்களின் "14 நாளுக்குள் மாற்றித் தருவோம்" என்ற தவணை அந்த வெயிலில்தான் ஓடி முடிகிறது. பிறகு மூன்று நாள் சேர்ந்தாற்போல் மழை இருட்டு. மூன்றாம் நாள் அதிகாலை 3 மணிக்குப் படகு முழுக்க இருள். நங்கூர விளக்கு இல்லை. மீன்பிடி வள்ளங்கள் கடலுக்குப் போகிற நேரம் அது.

கரையில் கடனாக ஒரு கிளாம்ப் மீற்றர் (கம்பியில் ஓடும் அம்பியரை அளப்பது) எடுத்துப் பரிசோதித்தோம். இதற்குப் பெரிய கருவி தேவையில்லை. 55 வோட்ஸ் ஹெட்லைட் பல்ப் இரண்டு போதும், சேர்த்து 9 அம்பியர் இழுத்தது. பற்றரியை 14.4 வோல்ட் வரை நிரப்பி, சார்ஜரைக் கழற்றி, அரை மணி விட்டு, பல்ப்பை மாட்டி நேரம் குறிக்க வேணும். 200 அம்பியர்-அவர் என்றால் 22 மணித்தியாலம் எரிய வேணும். முதல் பற்றரி 8 மணி 10 நிமிடத்தில் அணைந்தது: 73. மற்றது 7 மணி 25 நிமிடம்: 67. இரண்டும் சேர்த்து 140. வாங்கியது 400.

கோதுக்குள் இருந்ததைச் சொல்கிறோம். கைப்பிடி அளவு உருளை செல்கள், 32 மில்லிமீற்றர் விட்டம், 70 உயரம், 16 படி நாலு வரிசை, 64. இந்த அளவுச் செல் புதிதாக இருந்தாலே 6 அம்பியர்-அவர்தான், 16 சேர்ந்தால் 96 (நாலு வரிசை சேர்வது வோல்ட்டைத்தான் கூட்டும்). ஆகப் பெட்டியில் எழுதிய 200 எந்தக் காலத்திலும் சாத்தியமே இல்லை. அதுவும் புதிதல்ல. சில செல்லுக்கு நீல உறை, சிலதுக்குப் பச்சை. தலையில் பழைய நிக்கல் பட்டியைப் பிடுங்கிய கீறல், அதன் மேலேயே புதுப் பட்டி வெல்டிங். சுற்றிவர இடம் காலியாக இருந்ததால் றெஜிபோம் (வெள்ளை நுரைப் பலகை) அடைத்து, சிலிக்கன் பூசியிருந்தான். அந்தப் பூசலில் மட்டும் ஒரு குறை சொல்ல முடியாது, அவ்வளவு நேர்த்தி. (நீங்கள் திறந்து பார்ப்பதாக இருந்தால் ஸ்பானருக்கு ரேப் சுற்றுங்கள், கை மோதிரத்தைக் கழற்றுங்கள். இரண்டு முனையும் இரும்பால் முட்டினால் ஸ்பானரே உருகும்.)

இனி கடைக்காரரின் பதில்கள். முதலில் "சார்ஜர் பிழை அண்ணை." சார்ஜ் 14.2 வோல்ட், நிறைந்த பிறகு பிடித்து வைக்கிற மிதப்பு 13.5, ஈயப் பற்றரிக்குக் கொடுக்கிற மிகை வோல்ட் சார்ஜான ஈக்குவலைஸை நிறுத்தி வைத்திருக்கிறோம், படம் எடுத்து அனுப்பினோம். இரண்டு நாள் வாசித்ததற்கான நீலக் கோடு மட்டும், பதில் இல்லை. பிறகு "உப்புக் காத்துப் பட்டா வாரண்டி இல்லை." விளம்பரத்திலேயே படகுக்கு ஏற்றது என்று போட்டிருக்கிறதே என்று கேட்டால், "அது வேற மொடல்." பிறகு "முதலாளி வெளிநாடு." திறந்த படத்தை அனுப்பியதும் "சீல் உடைச்சா ஒண்டும் செய்யேலாது சேர்." அண்ணை சேராக மாறின இடத்தோடு உவர்மலை அம்மாவும் போய்விட்டா. இப்போது எங்கள் இலக்கத்தை மறித்துவிட்டார்கள். ஒன்லைன் சந்தையில் முறையிட்டால் "நாங்கள் விளம்பரம் போட இடம் மட்டுமே தருகிறோம்" என்று ஒரே வசனம், மூன்று தடவை. விளம்பரம் காலையில் பார்த்தபோதும் இருந்தது. நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைக்கு எழுதியாயிற்று (அவர்களின் அழைப்பு இலக்கம் 1977). பற்றுச்சீட்டில் கடையின் பதிவிலக்கம் கிடையாது, ரப்பர் முத்திரை மட்டும்தான் என்பதை அந்தப் படிவம் நிரப்பும்போதுதான் கண்டோம்.

370,000 போனது ஒரு பக்கம். இதே பற்றரியோடு மாலைதீவுக்கு இறங்கியிருந்தால்? புரொப்பெல்லர் தண்டு வெளியே போகிற இடத்தில் சொட்டுச் சொட்டாக நீர் வருவது சாதாரணம், பில்ஜ் பம்ப் இறைக்கும் வரை. நங்கூரம் தூக்கும் வின்ச் 80, 100 அம்பியர் இழுக்கும். இரண்டு பற்றரி பக்கம் பக்கமாகப் பூட்டியிருந்தால் ஆளுக்குப் பாதி. ஒன்றின் பிஎம்எஸ், அதாவது உள்ளே இருக்கிற காவல் சுற்று, தாங்காமல் வெட்டினால் முழுப் பாரமும் மற்றதில் விழும், அதுவும் வெட்டும். பாதி தூக்கிய நங்கூரத்தோடு பாறைப் பக்கம் படகு சரியும். எஞ்சின் ஓடிச் சார்ஜ் ஏறுகிற நேரம் பிஎம்எஸ் திடீரென்று வெட்டினால் போக இடமில்லாத கரண்ட் ஓல்டனேற்றரின் (எஞ்சினோடு சுற்றிக் கரண்ட் தருகிற கருவி) டயோட்டை எரித்துவிடலாம். நடுக்கடலில் அதற்கு யாரிடம் போவது?

முழு வழிகாட்டி எழுத இப்போது நிதானம் இல்லை. அவசரத்துக்கு இவ்வளவு. வாங்க முதல் பாரம் கேளுங்கள், வந்ததும் நிறுங்கள், குறைந்தால் பஸ்ஸிலேயே திருப்பி ஏற்றுங்கள். வந்த அன்றைக்கே பல்ப் சோதனை செய்யுங்கள், வெயிலை நம்பித் தவணையைக் கரைக்க வேண்டாம். காசைக் கிரெடிட் காட்டில் கட்டுங்கள். பில்ஜ் பம்பையும் எஞ்சின் ஸ்டார்ட்டரையும் ஒரு ஈயப் பற்றரியில் தனியாக விடுங்கள், ஓல்டனேற்றரையும் அதிலேயே பூட்டி, அங்கிருந்து லித்தியத்துக்கு 30 அம்பியர் டிசி-டிசி சார்ஜர் (ஒரு பற்றரியிலிருந்து மற்றதை நிரப்புவது) வழியாகக் கொண்டு போங்கள். வெள்ளீயம் பூசிய கேபிள்தான் வாங்க வேணும், வெறும் செம்பு ஒரு மாரிக்குள் கறுத்துவிடும். பியூஸ் பற்றரி முனையோடு ஒட்டி இருக்கட்டும், கிளாஸ் ரி (Class T) வகை. ஊர்ப் பெயர் சொல்லி அண்ணை என்று தொடங்கினால் இன்னும் ஒருக்கால் நிறுத்துப் பாருங்கள்.

மிச்சம் பிறகு. பிரிட்ஜ் நிறுத்தி ஐந்து நாள், ஐஸ் பெட்டியில்தான் மீனும் பாலும் கிடக்கிறது. பத்து மணி தாண்டினால் ஐஸ்கட்டி விற்று முடிந்துவிடும், கரைக்குப் போகிறோம்.