ரெயின் பேர்ட் 1804 தெளிப்பான்: அடைப்பு எடுக்க எளிது, மாடல் பார்த்து வாங்குங்கள்

புல்வெளியில் மண்ணுக்குள் பதிக்கும், தண்ணீர் வந்ததும் தண்டு மேலெழும் பாப்-அப் தெளிப்பான்களில் ரெயின் பேர்ட் நிறுவனத்தின் 1804-ஐ விரும்புவதற்கு ஒரு காரணமே போதும். அடைத்துக்கொண்டால் தோண்ட வேண்டியதில்லை. மேல்மூடியைத் திருகி எடுத்தால் நாசில் (நீர் பீய்ச்சும் முனை), வடிகட்டி, தண்டு, ஸ்பிரிங் எல்லாம் மேல்வழியாகவே கையோடு வந்துவிடும்; உடற்பகுதி மட்டும் மண்ணில் அப்படியே நிற்கும். தண்டு 10 செ.மீ. எழும். அடியில் அரை அங்குலப் புரி. 15 முதல் 70 பி.எஸ்.ஐ. (நீரழுத்தத்தின் அளவு) வரை ஓடும். நாசிலைப் பெரும்பாலும் தனியாகத்தான் வாங்க வேண்டும்.

அடைப்பு எங்கே விழுகிறது என்று பார்த்துவிடுவோம். நாசிலுக்கு நேர் கீழே சிறு கூடை போல ஒரு பிளாஸ்டிக் வடிகட்டி தொங்கும். தெளிப்பானுக்குள் வரும் மணல், குழாய் அறுத்த பிவிசி துருவல், காய்ந்த பசைத் துணுக்கு, பாசி எல்லாம் அதில்தான் சிக்கும். 5 அடி தூரம் தெளிக்கும் நாசிலுக்கு நீல வடிகட்டி, கண் சுமார் அரை மி.மீ.; 15 அடி நாசிலுக்கு வெள்ளை, கண் சுமார் 0.9 மி.மீ. கழுவிய பிறகு நிறம் மாற்றிப் போட்டுவிடுவது அடிக்கடி நடக்கும் தவறு. சிறிய நாசிலுக்கு வெள்ளையைப் போட்டால் மணல் அதைத் தாண்டிப் போய் நாசிலின் பிளவிலேயே மாட்டிக்கொள்ளும். வடிகட்டியே வேண்டாம் என்று எடுத்து வீசுபவர்களும் உண்டு. தண்ணீர் அன்றைக்கு நன்றாகப் பீய்ச்சும், அடுத்த மணல் துகள் வரும்வரை.

சுத்தம் செய்யும் முறை இது. வால்வை மூடுங்கள். மூடியைச் சுற்றியுள்ள புல்லையும் மண்ணையும் ஒரு சாண் அகலத்துக்கு ஒதுக்குங்கள். இதைச் செய்யாமல் தண்டை இழுத்தால் வெளி மண்ணே உள்ளே விழும். தண்டை மேலே இழுத்து ஒரு கையால் இறுகப் பிடித்துக்கொண்டு, நாசிலை இடப்பக்கமாகத் திருகிக் கழற்றுங்கள். வடிகட்டியை வாளித் தண்ணீரில் அலசி, பழைய பல்துலக்கியால் தேயுங்கள். வெள்ளையாக உப்புப் படிந்திருந்தால் வடிகட்டியையும் நாசிலையும் இரவு முழுக்க வெள்ளை வினிகரில் ஊறப்போடுங்கள். ஊசி, கம்பி எதையும் நாசிலுக்குள் விடாதீர்கள். பிளவு ஒரு முடி அளவு கீறினாலும் விசிறி போல விழ வேண்டிய நீர் அந்த இடத்தில் கோடாகக் கிழிந்து விழும், அதற்கு எதிரே புல் காயும்.

வடிகட்டியைக் கழுவியதோடு நிறுத்தினால் ஒரு வாரத்தில் மறுபடி அதே வேலை. குழாயை அலச வேண்டும். அந்த வரிசையிலுள்ள எல்லா நாசில்களையும் கழற்றிவிட்டு வால்வை இரண்டு நிமிடம் திறந்துவிடுங்கள். பிறகு வால்வுக்கு அருகிலுள்ள தெளிப்பானில் தொடங்கி ஒவ்வொன்றாக நாசிலைப் போட்டுக்கொண்டே போய், கடைசித் தெளிப்பானை மட்டும் திறந்தபடி வைத்து இன்னொரு முறை ஓட்டுங்கள். குழாயின் கசடு கடைக்கோடியில்தான் சேரும். குழாய் உடைந்து ஒட்டிய ஒவ்வொரு முறையும் இதைச் செய்தே ஆக வேண்டும்.

மாடல் விஷயத்துக்கு வருவோம். சரிவான தோட்டமென்றால் சாதாரண 1804 வேண்டாம், பெயரோடு சாம் (SAM) என்ற எழுத்துகள் சேர்ந்ததை வாங்குங்கள். அதனுள் இருக்கும் தடுப்பு வால்வு 4.2 மீட்டர் உயர வித்தியாசம் வரை குழாய் நீரைப் பிடித்து வைக்கும். அது இல்லாவிட்டால் ஓட்டம் நின்றதும் குழாய்நீர் முழுக்கப் பள்ளத்துத் தெளிப்பான் வழியாக வடியும். அதைச் சுற்றிச் சேறு கட்டும். தண்டு உள்ளே இறங்கும்போது அந்தச் சேற்றையும் இழுத்துக்கொண்டு போகும். பள்ளத்துத் தெளிப்பான் மட்டும் மறுபடி மறுபடி அடைப்பதற்குப் பெரும்பாலும் இதுதான் காரணம். ஒன்றை மட்டும் கவனியுங்கள்: நிறுத்திச் சில நிமிடங்களில் கசிவு நின்றால் அது குழாய் வடிதல். மணிக்கணக்கில் கசிந்தால் அந்த வரிசையைத் திறந்து மூடும் வால்வின் ரப்பர் சவ்வுக்கடியில் மணல் உட்கார்ந்திருக்கிறது, அதற்குத் தெளிப்பானை மாற்றிப் பயனில்லை.

பி.ஆர்.எஸ். (PRS) என்ற அழுத்தம் கட்டுப்படுத்தும் வகை, உள்ளே வரும் அழுத்தம் 70 பி.எஸ்.ஐ. வரை கூடினாலும் நாசிலுக்கு 30 பி.எஸ்.ஐ. மட்டும் விடும். சாதாரண நாசிலுக்கு அதுதான் சரியான அளவு. அதைவிடக் கூடினால் நீர் புகையாகிக் காற்றில் போகும். பம்ப் நேரடியாகத் தள்ளும் வீடுகளுக்கு இந்த வகைதான் பொருந்தும். அழுத்தம் மிகக் குறைந்தால் வேறு தொல்லை: தண்டு முழுதாக எழாது, மூடியிலுள்ள ரப்பர் வளையம் இறுகாமல் பக்கவாட்டில் நீர் கொப்பளிக்கும். ஒரே வால்வில் அளவுக்கு மீறித் தெளிப்பான் மாட்டினாலும் இதே கதை. 15 அடி அரைவட்ட நாசில் ஒன்று நிமிடத்துக்கு 7 லிட்டர் குடிக்கும், முழுவட்டம் 14 லிட்டர். கூட்டிப் பார்த்துவிட்டு மாட்டுங்கள்.

குறைகள் இல்லாமலில்லை. ஸ்பிரிங் முரட்டுத்தனமானது. தண்டு நன்றாக உள்ளிறங்க அது உதவும், ஆனால் ஈரக்கையில் நழுவினால் நாசில் கழற்றிய தண்டோடு சேர்ந்து மண்ணும் உள்ளே போகும். இழுத்துப் பிடிக்க அதற்கென வரும் சாவியை வாங்கி வைப்பது நல்லது. 15 அடி நாசில்களைச் சரியான இடைவெளியில் வைத்தால் மணிக்குச் சுமார் 40 மி.மீ. நீர் விழும். களிமண் நிலம் இதைக் குடிக்காது. ஐந்து ஐந்து நிமிடமாகப் பிரித்து ஓட்டுங்கள். மெதுவாகத் தெளிக்கும் சுழல் நாசில்களும் இதே தண்டில் பொருந்தும், ஆனால் அவற்றின் நீர்வழி மெல்லியது, கலங்கல் நீரில் சீக்கிரம் அடைக்கும்.

கிணற்று நீரோ தொட்டி நீரோ பயன்படுத்தினால், எந்த மாடல் வாங்கினாலும், வால்வுகளுக்கு முன்னால் 120 மெஷ் (அங்குலத்துக்கு 120 கண்) வடிகட்டி ஒன்றைப் போடுங்கள். சுமார் 130 மைக்ரான் வரை பிடிக்கும். மணல் அதிகமென்றால் வலை வகை, பாசி அதிகமென்றால் வட்டு வகை. அதன் இருபுறமும் அழுத்தமானி வைத்து, வித்தியாசம் 5 பி.எஸ்.ஐ. தாண்டியதும் கழுவிவிடுங்கள். இந்த வடிகட்டி இருந்தால் 1804-இன் நாசிலைப் பருவத்துக்கு ஒருமுறை திறந்தால் போதும்.