காபிக் கொள்முதல்: சந்தையோடு ஓடும் விலையா, முன்கூட்டியே கட்டிய விலையா?

1975இல் பிரேசிலைத் தாக்கிய உறைபனியின் விளைவாக 1977இல் அராபிகா வகைக் காபி தொட்ட விலை உச்சம், ஏறக்குறைய அரை நூற்றாண்டு அசையாமல் நின்றது. 2024 டிசம்பரில் அது உடைந்தது. 2025 பிப்ரவரியில் பின்னாளில் தரவேண்டிய சரக்குக்கு முன்பே விலை பேசும் நியூயார்க் முன்பேரச் சந்தையில் ஒரு பவுண்டு பச்சைக் கொட்டை, அதாவது வறுக்காத கொட்டை, 4 டாலரைத் தாண்டியது. பணவீக்கத்தைச் சேர்த்துக் கணக்கிட்டால் 1977தான் இன்னமும் உயரம். ஆனால் கடன் வாங்கிக் கொட்டை வாங்குகிறவருக்கு அந்தக் கணக்கு உதவாது. 2019இல் இதே கொட்டை ஒரு டாலருக்கும் கீழே இறங்கியிருந்தது.

விலை ஏறினால் விவசாயிக்கு நல்லதுதானே? நல்லதுதான். ஒரு டாலருக்குக் கீழே விற்றவர்களில் பலருக்குச் சாகுபடிச் செலவுகூடத் திரும்பவில்லை. ஆனால் ஸ்பெஷாலிட்டி காபி எனப்படும் உயர்தரக் காபிக்கு இதில் தனியாக ஓர் ஆபத்து இருக்கிறது. சுவைச் சோதனையில் நூற்றுக்கு 80 மதிப்பெண் வாங்கும் கொட்டை தானாக விளைந்துவிடாது. ஒரே செடிக்குத் திரும்பத் திரும்பப் போய்ச் சிவந்த பழத்தை மட்டும் பறிக்க வேண்டும். மேடையில் பரப்பி, புரட்டிப் புரட்டி நாள்கணக்கில் உலர்த்த வேண்டும். சந்தை ஒரு டாலர் தரும் காலத்தில் தரத்துக்காக ஒருவர் மூன்று டாலர் கொடுத்தால் அந்த உழைப்புக்குப் பொருள் உண்டு. சந்தையே நான்கு டாலர் தரும்போது நாலரை டாலருக்காக யார் மெனக்கெடுவார்? காயும் பழமுமாக உருவி, ஒரே நடையில் விற்றுவிட்டுப் போகலாம்.

ஆகவே எந்தக் கொள்முதல் முறையையும் நான் ஒரே கேள்வியை வைத்து அளக்கிறேன்: நல்ல கொட்டைக்கும் சாதாரணக் கொட்டைக்கும் இடையிலான விலை இடைவெளியை அது காக்கிறதா?

முதல் முறை, சந்தை விலையோடு ஒரு கூடுதல் தொகையைச் சேர்த்துக் கொடுப்பது. அன்றைய நியூயார்க் விலை எதுவோ அதற்கு மேல் பவுண்டுக்கு இத்தனை சென்ட் என்று ஒப்பந்தம்; 50 சென்ட் என்று வைத்துக்கொள்வோம். விற்பவர் சந்தை ஏற்றத்தை இழப்பதில்லை என்பதால் பேச்சை மீற அவருக்குக் காரணம் குறைவு. கொட்டை வந்து சேரும். ஆனால் அந்த 50 சென்ட், சந்தை ஒரு டாலராக இருந்தபோது பாதி மடங்கு கூடுதல்; நான்கு டாலராகும்போது எட்டில் ஒரு பங்கு. கூலி, உரம், போக்குவரத்து எல்லாம் ஏறிய பிறகும் தரத்துக்கான தொகை மட்டும் அதே 50 சென்டாக நின்றால், இடைவெளி கண்முன்னே கரைகிறது.

இரண்டாவது, சந்தையைப் பார்க்காமல் ஆண்டுக்கோ மூன்றாண்டுக்கோ கட்டிய விலை. விலை சரிந்த காலத்தில் இதைப் போல விவசாயியைக் காப்பாற்றிய ஏற்பாடு வேறில்லை. வறுப்பாளரும் தன் விலைப்பட்டியலை நிம்மதியாக எழுதலாம். சந்தை கட்டிய விலையைத் தாண்டும் நாளில்தான் கோளாறு. 2021இல் விலை திடீரென ஏறியபோது கொலம்பியாவில் பல விவசாயிகள் முன்பு ஒத்துக்கொண்ட விலைக்குக் கொட்டையைத் தரவில்லை. இடையில் நின்ற கூட்டுறவுச் சங்கங்கள் இழப்பில் சிக்கின. அந்த விவசாயிகளை நம்பிக்கைத் துரோகிகள் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. வாசலில் பணத்தோடு நிற்கும் இடைத்தரகர் இரு மடங்கு தருகையில், பழைய கடனை அடைக்க வேண்டியவர் வேறென்ன செய்வார்? ஒரு தரப்பை மட்டும் கட்டிப்போடும் ஒப்பந்தத்தை உறவு என்று அழைப்பதில்தான் தவறு இருக்கிறது.

இரண்டையும் கலந்த வழி ஒன்று ஏற்கெனவே நடைமுறையில் இருக்கிறது. விவசாயிக்கு நியாய விலை கிடைக்கிறதா என்று பார்த்துச் சான்றளிக்கும் ஃபேர்டிரேட் அமைப்பு, 2023 ஆகஸ்டில் கழுவிப் பதப்படுத்திய அராபிகாவுக்குப் பவுண்டுக்கு 1.80 டாலரைக் குறைந்தபட்ச விலையாக நிர்ணயித்தது. சந்தை அதைத் தாண்டினால் சந்தை விலை, அதற்கு மேல் சமூக நலனுக்கென 20 சென்ட். தரையும் உண்டு, கூரையும் இல்லை. இந்த முறையை எடுத்துக்கொண்டு, தரத்துக்கான தொகையை சென்ட் கணக்கில் வைக்காமல் சந்தை விலையின் விழுக்காடாக எழுதிக்கொண்டால் இடைவெளி சுருங்காது. என் தேர்வு இதுதான். சந்தை ஏறும் ஆண்டில் முழுச் சுமையும் வாங்குபவர் தலையில் விழும் என்பது உண்மை.

அந்தச் சுமை பெரியது. நியூயார்க்கில் ஒரு ஒப்பந்தம் 37,500 பவுண்டு, ஏறத்தாழ ஒரு கன்டெய்னர். ஒன்றரை டாலரில் அதற்கு 56,250 டாலர் போதும். நான்கு டாலரில் 1,50,000 டாலர் வேண்டும். அதே கொட்டை, அதே கிடங்கு, வட்டி மட்டும் இரண்டரை மடங்குக்கு மேல். ஆகவே சிறு வறுப்பாளர் முழு அறுவடையையும் ஒரேயடியாக வாங்கிச் சேமிப்பதைவிட, இறக்குமதியாளரின் கிடங்கில் வைத்துத் தேவைப்படும்போது எடுப்பதே நல்லது. கிடங்குக் கட்டணம் கசக்கும். கையிருப்புப் பணம் தீர்ந்து கடையை மூடுவது அதைவிடக் கசப்பானது.

கலவையில் ரோபஸ்டா என்ற இன்னொரு காபி வகையைச் சேர்த்துச் செலவைக் குறைக்கலாம் என்பவர்களுக்கு ஒரு வார்த்தை. வியட்நாம் வறட்சிக்குப் பிறகு 2024இல் ரோபஸ்டாவும் லண்டன் சந்தையில் டன்னுக்கு 5,000 டாலரைத் தாண்டியது. மலிவுக்காக மட்டும் அதைத் தேடினால் எதிர்பார்த்த அளவு மிச்சமாகாது. கவனமாகப் பறித்துப் பதப்படுத்திய ரோபஸ்டாவுக்குக் வாயில் கெட்டியாக நிற்கும் தன்மையும் கொக்கோ சாயலும் உண்டு. அந்தச் சுவைக்காக வாங்குவதானால் தாராளமாக வாங்கலாம், பையின் மேல் ரோபஸ்டா என்ற பெயரையும் எழுதலாம்.

கடைசியில் விலையை ஏற்றத்தான் வேண்டும். யாருக்கு எவ்வளவு என்பதில் கோப்பை விற்பவரும் பொட்டலம் விற்பவரும் ஒரே நிலையில் இல்லை. வறுக்கும்போது எடையில் 15 விழுக்காடு போகிறது என்று வைத்துக்கொண்டால், சந்தை ஒன்றரை டாலரிலிருந்து நான்கு டாலராகும்போது, 18 கிராம் தூள் போடும் ஒரு கோப்பைக்குப் பச்சைக் கொட்டைச் செலவு 7 சென்டிலிருந்து 19 சென்டாகிறது. வாடகையும் சம்பளமும் பாலுமே பெரும்பங்கு வகிக்கும் கோப்பையில் 12 சென்ட் தாங்கக்கூடியது. அதே கணக்கில் 250 கிராம் பொட்டலத்துக்கு 97 சென்டாக இருந்தது 2.59 டாலராகிறது. இங்கே மறைக்க இடமில்லை. பையை 200 கிராமாக்கிப் பழைய விலையையே ஒட்டும் வழக்கத்தை நான் ஏற்கவில்லை. வாடிக்கையாளர் சில நாள் முன்னதாகவே பை காலியாவதைக் கண்டுபிடித்துவிடுவார். விலையை ஏற்றி, எந்த அறுவடை, பச்சைக் கொட்டைக்கு விவசாயியிடம் கொடுத்த தொகை எவ்வளவு என்பதைப் பையிலேயே அச்சிட்டு விற்பவரிடம்தான் நான் வாங்குகிறேன்.