கிட்ஹப்பா, கோட்பெர்க்கா?

2018ல் மைக்ரோசாஃப்ட், நிரல்களைச் சேமித்துப் பகிரும் தளமான கிட்ஹப்பை 750 கோடி டாலருக்கு வாங்கியபோது வேறு தளத்துக்கு மூட்டை கட்டியவர்கள் பலர், நான் கட்டவில்லை. பயந்தபடி உடனே எதுவும் கெடவில்லை, 2019ல் தனிப்பட்ட ரெப்போக்களை (பிறர் பார்க்க முடியாத நிரல் கிடங்குகளை) எல்லோருக்கும் இலவசமாகவே கொடுத்தார்கள். அப்புறம் 2021ல் நிரல் எழுதித் தரும் ஏஐ கருவியான கோபைலட் வந்தது, அதற்குத் தீனி நாம் பொதுவில் போட்டு வைத்திருந்த கோடு, அதாவது நிரல்.

கோட்பெர்க்கும் அதுபோன்ற தளம்தான், ஆனால் அதை நடத்துவது பெர்லினில் இயங்கும் லாப நோக்கமற்ற சங்கம், உறுப்பினர்கள் ஓட்டுப் போட்டு நடத்துவதால் ராத்திரியோடு ராத்திரியாக யாரும் விலைபேசிவிட முடியாது. ஆனால் திறமூலத் திட்டங்களுக்குத்தான் (யாரும் நிரலைப் பார்த்து, மாற்றிப் பயன்படுத்தக் கூடியவை) அங்கே இடம். கடை பில்லிங் மென்பொருளைப் பூட்டி வைக்க அது சரிப்படாது. கோடை மாற்றுவது சுலபம், இஷ்யூக்களையும் (பதிவான பிழைப் புகார்கள்) இழுத்து வரலாம். ஆட்கள்தான் வரமாட்டார்கள்: பிழை சொல்ல வருகிறவரைப் புதுக் கணக்குத் திறக்கச் சொன்னால் அப்படியே திரும்பிவிடுகிறார். என் சின்னத் திட்டங்கள் கோட்பெர்க்கில். வேலை தேடும்போது காட்ட கிட்ஹப்பில் ஒரு நகல்.